விலைவாசிக்குத் தராசு செய்தவர்

போன தீபாவளி லீவுக்கு ஊருக்கு, அதாவது வத்திராயிருப்புக்குப் போயிருந்தேன். டிவியில் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்தக் கடையில் குறைஞ்சதுன்னு கேட்டுச் சொல்லு, பையை எடுத்துக்கிட்டு நாளைக்கே போறேன் என்றார்.

நாமதான் இன்ஜினியராச்சே, விடுவோமா? பணவீக்கம் குறைவது என்றால் விலை குறைவது இல்லை, விலை ஏறுகிற வேகம் குறைவது என்று விளக்கினேன். பஸ்ஸை ஸ்லோ பண்ணினாலும் அது முன்னாடிதானே போகும்! அம்மாச்சி அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் போட்டார். அந்த வேகத்தை அளக்கிறது யாரு? என்கிட்ட ஒருத்தரும் வந்து கேட்கலையே?

பதில் தெரியவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து தேடினேன். எங்கே தொட்டாலும் ஒரே பெயரில் போய் நின்றது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ். மெஷின் லேர்னிங் படிக்கிற நண்பர்களுக்கு மகலனோபிஸ் தூரம் ஞாபகம் வரும். அதே மனுஷர்தான். 1936-ல் அவர் கொடுத்த சூத்திரம் அது. ஆனால் அவர் செய்த பெரிய வேலை வேறு. ஒரு கோடிக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஒரு கோடி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்று இந்தியாவுக்குக் காட்டியவர் அவர். அம்மாச்சியிடம் யாரும் கேட்காததற்கும், கேட்காமலே அவர் செலவு கணக்கில் வருவதற்கும் காரணம் இவர்தான்.

கும்பகோணத்துக்காரரும் கல்கத்தாக்காரரும்

மகலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913-ல் இங்கிலாந்து போனார். லண்டனில் சேருவதாகத்தான் திட்டம். சுற்றிப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் போனவர், அங்கே கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மயங்கி நின்று லண்டன் ரயிலைத் தவறவிட்டார். பிறகு அங்கேயே சேர்ந்துவிட்டார். ரயிலை விட்டதால் வாழ்க்கை மாறியவர்கள் பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்தார் நம்ம ராமானுஜன். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். குளிரில் தூங்க முடியாமல் தவித்த ராமானுஜனின் அறைக்கு மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையில் ஒழுங்காகச் செருகிக் கிடக்கின்றன. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், அதன் மேலே கோட்டும் சால்வையுமாகப் படுத்திருந்திருக்கிறார் கணித மேதை. மகலனோபிஸ்தான் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு நாள், பத்திரிகையில் வந்த ஒரு வீட்டு எண் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்ட, அடுப்பில் சமையலைக் கிளறிக்கொண்டே ராமானுஜன் தொடர் பின்னமாக விடையைச் சொன்னார். அந்தப் புதிருக்கு மட்டும் இல்லை, அந்த மாதிரிப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடை.

1915-ல் ஊர் திரும்பப் போரினால் தாமதம் ஆனது. அந்த இடைவெளியில் கல்லூரி நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழை ஆசிரியர் ஒருவர் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். ஏறும்போது இயற்பியல்காரர், இறங்கும்போது பாதிப் புள்ளியியல்காரர்.

வெள்ளமும் சணலும்

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே தன் அறையில் ஒரு சின்னப் புள்ளியியல் கூடம் நடத்தினார். 1931 டிசம்பர் 17 அன்று அது இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக ஆனது.

சிவில் நண்பர்கள் கவனிக்க: அவருடைய முதல் பெரிய வேலைகளில் இரண்டு வெள்ளம் பற்றியவை. 1922-ல் வடக்கு வங்காளத்தில் வெள்ளம். தண்ணீரைத் தேக்கி நிறுத்தப் பெரிய தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். பல ஆண்டு மழைக் கணக்கை எடுத்துப் பார்த்த மகலனோபிஸ், தண்ணீரைத் தேக்குவதில் பயன் இல்லை, வேகமாக வடிய வைப்பதுதான் தேவை என்று காட்டினார். 1926-ல் ஒடிசாவில் வெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்தணும் என்றார்கள். அளவுகளைப் பார்த்து, படுகை மேடாகவே இல்லை என்றார். கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும் கணக்கெடுத்துச் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்து சணல். வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் விளைகிறது? ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணுவது பழைய முறை. 1937 முதல் அவர் செய்தது மாதிரி எடுக்கும் முறை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்ம வீட்டில் சொல்வதுதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். ஊரைக் கிளற முடியாது. அதனால் எந்த வயலுக்குப் போவது என்பதை ஆள் முடிவு செய்யக் கூடாது, சீட்டு முடிவு செய்ய வேண்டும். ரோட்டோர வயல், தெரிந்தவர் வயல் என்று போனால் கணக்கு கெட்டுப்போகும்.

இங்கே அவர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். வயலில் சின்ன வட்டம் போட்டு அறுவடை செய்து பார்த்தால் விளைச்சல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஏன்? வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் செடியை அறுப்பவர் தன்னை அறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறார். வட்டம் சின்னதாக இருந்தால் உள்ளே இருப்பதைவிட ஓரம்தான் அதிகம். அதனால் பிழையும் அதிகம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். ஒரே பகுதியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆய்வு செய்ய வேண்டும். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கேயோ தப்பு. ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுதுகிற நமக்கு இது புரியாமல் இருக்காது! தன் ஆட்களும் தப்பு செய்வார்கள், தானும் தப்பு செய்வோம் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, அந்தத் தப்பின் அளவைக் கண்டுபிடிக்கத் தன் செலவிலேயே ஒரு குழுவை அனுப்புவது. அவருடைய முழு வேலையின் முதுகெலும்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாட்டையே கேட்ட ஆய்வு

மகலனோபிஸுக்கு முன்பே கிராமங்களுக்குப் போய்ச் செலவுக் கணக்கு கேட்டவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களையே கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்ய வைத்தார். அதில் ஒன்று வடமலாபுரம். அப்போது ராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்கு நம்ம விருதுநகர் மாவட்டம். ஒரு ஊரை ஆழமாகத் தெரிந்துகொள்ள அது அருமையான வழி. ஆனால் வடமலாபுரத்தை வைத்து வத்திராயிருப்பைச் சொல்ல முடியாது. அங்கே வானம் பார்த்த கரிசல், இங்கே மலையடிவாரத்து நெல்லும் தென்னையும். நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கித்தான் ஆகணும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் அரசு அவரைப் புள்ளியியல் ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில் சுமார் 1,800 கிராமங்கள். நாடு முழுக்கச் சீட்டில் விழுந்த ஊர்களுக்கு ஆட்கள் போனார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

கேட்பது சுலபம், பதிலைக் கூட்டுவதுதான் கஷ்டம். அன்றைக்குக் கிலோ கிடையாது. மெட்ரிக் எடைகள் வந்தது 1958-க்கு மேல்தான். நம்ம பக்கம் படி, மரக்கால், வீசை. வடக்கே சேர், மணங்கு. அதிலும் இந்த ஊர்ப் படி வேறு, அந்த ஊர்ப் படி வேறு. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகள். ஒரு படி அரிசி இவ்வளவு என்று இரண்டு ஊரில் ஒரே விலை சொன்னாலும் அது ஒரே விலை இல்லை. விலையை அளக்கும் முன்னால் படியை அளக்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் மனுஷ ஞாபகம். போன வாரம் என்ன செலவு என்று கேட்பதா, போன மாதம் என்ன செலவு என்று கேட்பதா? வாரக் கணக்குத்தான் சரியாக இருக்கும், அதுதானே புதுசா ஞாபகம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். 1950-களின் தொடக்கத்திலேயே மகலனோபிஸ் இரண்டையும் கேட்டு, கூடவே சில வீடுகளில் நேரடியாக எடை போட்டும் பார்த்தார். வாரக் கணக்கு கூடுதலாக வந்தது. முக்கியமான உணவுப் பொருள்களில் மாதக் கணக்குத்தான் எடையோடு நெருங்கி நின்றது.

சணல் வட்டம் ஞாபகம் இருக்கா? அதேதான். ஒரு வாரம் என்பது சின்ன வட்டம். ஒன்பது நாள் முன்னால் வாங்கிய பருப்பு ஓரத்துச் செடி மாதிரி உள்ளே வந்து நிற்கிறது.

நம்பிக்கை இல்லாமல் அம்மாச்சியிடமே சோதித்தேன். போன வாரம் மளிகைக்கு எவ்வளவு என்று ஒரு நாள் போனில் கேட்டேன். ரெண்டு நாள் கழித்து, மாசத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். வாரத்தை நாலால் பெருக்கினால் மாதத்தை எங்கேயோ தாண்டிப் போனது. அம்மாச்சி பொய் சொல்லவில்லை. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

இது சும்மா விளையாட்டுக் கணக்கு இல்லை. பல வருஷம் கழித்து 1999-2000 சுற்றில் வாரம், மாதம் இரண்டையும் ஒரே தாளில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைப் பாதித்து, இந்தியாவில் வறுமை எவ்வளவு குறைந்தது என்பதே பெரிய சர்ச்சையாகிவிட்டது.

கூடைக்குள் என்ன இருக்கு?

இதற்கும் பணவீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாச் சம்பந்தமும்.

விலைக் குறியீட்டு எண் என்பது ஒரு கூடை. ஒரு குடும்பம் வாங்குகிற பொருள்களைக் கூடையில் போட்டு, அடிப்படை ஆண்டில் அதன் விலையை 100 என்று வைக்கிறோம். ஒவ்வொரு மாதமும் அதே கூடை எவ்வளவு என்று பார்க்கிறோம். கூடையில் எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் உயிர்நாடி.

ஒரு பேச்சுக்கு இரண்டு குடும்பம் எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பத்தில் 100 ரூபாய் செலவில் 20 ரூபாய் காய்கறிக்கு. இரண்டாவது குடும்பத்தில் 8 ரூபாய்தான். காய்கறி விலை 50 சதவீதம் ஏறுகிறது, மற்றது எதுவும் மாறவில்லை. முதல் குடும்பத்தின் குறியீடு 110. இரண்டாவது குடும்பத்துக்கு 104. கடை ஒன்று, விலை ஒன்று, பணவீக்கம் மட்டும் ரெண்டு!

கடையில் விலையைக் குறிப்பது பாதி வேலைதான். யார் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது மீதிப் பாதி. அந்த மீதியைத் தருவது மகலனோபிஸ் தொடங்கிய நுகர்வுச் செலவு ஆய்வு. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டின் எடைகள் 2011-12 ஆய்விலிருந்து வந்தவை. அதில் உணவு, பானங்களுக்கு கிராமத்தில் 54.18 சதவீத இடம், நகரத்தில் 36.29 சதவீதம். விலைகள் 1,181 கிராமங்களிலிருந்தும் நகரங்களில் 1,114 சந்தைகளிலிருந்தும் மாதாமாதம் வந்தன. கிராம விலைகளை முதல் சில ஆண்டுகள் எடுத்தது தபால் துறை ஊழியர்கள். மாதாமாதம் அதே கடை, அதே ரகம், அதே அளவு. பொன்னி கேட்ட இடத்தில் அடுத்த மாதம் பாஸ்மதி கேட்டால் கணக்கு காலி.

தொழிலாளிகளுக்கு, விவசாயக் கூலிகளுக்கு என்று சிம்லாவில் இருக்கும் தொழிலாளர் அமைப்பு தனித்தனிக் கூடைகள் வைத்திருக்கிறது. அரசு ஊழியரின் அகவிலைப்படி முதல் கூடையைப் பார்த்து ஏறுகிறது. நூறு நாள் வேலைக் கூலியைப் பல வருஷம் இரண்டாவது கூடையைப் பார்த்துத்தான் உயர்த்தினார்கள். அம்மாச்சி அந்த வேலைக்குப் போனவர். யாரும் தன்னைக் கேட்கவில்லை என்று சொன்னாரே, கேட்கப்பட்ட வேறு யாரோ ஒரு அம்மாச்சியின் பதில்தான் இவருடைய கூலியில் வந்து சேர்ந்தது. அந்த அம்மாச்சி சரியாகச் சொல்லாவிட்டாலோ, கேட்டவர் டீக்கடையில் உட்கார்ந்து தாளை நிரப்பியிருந்தாலோ நஷ்டம் இங்கே.

தன் தராசில் தானே நின்றவர்

மகலனோபிஸ் கதையை இதோடு முடித்தால் அது பாராட்டு விழா ஆகிவிடும். இன்னொரு பக்கமும் உண்டு.

1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மாதிரி அவருடையது. எஃகு, இயந்திரம் போன்ற கனரகத் தொழிலில் முதலீடு செய், பிற்காலத்தில் எல்லாம் வேகமாக வளரும் என்பது சாரம். பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாய் அப்போதே எதிர்த்தார். இவ்வளவு பணத்தைப் பற்றாக்குறையாகச் செலவிட்டால் விலை ஏறும் என்று எழுதினார். பம்பாயில் வக்கீல், பிரம்மானந்தா இருவரும், தொழிலாளிக்குச் சோறும் துணியும் முதலில் வேண்டாமா என்று கேட்டார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் மொத்த விலை ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது. அந்நியச் செலாவணியும் கரைந்தது.

பிறகு இரண்டு போர்கள், 1965, 66-ல் அடுத்தடுத்து வறட்சி, ரூபாய் மதிப்புக் குறைப்பு. எல்லாவற்றுக்கும் மகலனோபிஸ்தான் காரணம் என்று சொன்னால் அநியாயம். ஆனால் கூடையில் சோறு பாதிக்கு மேல் இருக்கிற நாட்டில் சோற்றைப் பின்னால் வைத்த திட்டம் அது என்பதும் உண்மை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. இந்தித் திணிப்பு மேல் இருந்த கோபமும் அரிசி விலையும் சேர்ந்து அடித்ததில், சொந்த ஊரான விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மகலனோபிஸ் திட்டக் குழுவை விட்டு விலகியதும் அதே 1967-ல்தான்.

அவருக்கு எதிர்ப்பு பிடிக்காது, தன் நிறுவனத்தில் தன் இஷ்டப்படிதான் எல்லாம் நடக்கணும் என்று நினைப்பவர் என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். வளர்ச்சியின் பலன் யாருக்குப் போனது என்று பார்க்க 1960-ல் அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்திருக்கிறது என்று 1964-ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. அவர் திட்டம் போட்ட காலத்தைப் பற்றித்தான் அந்த அறிக்கை. அதே 1960-ல் இன்னொரு முறையையும் எழுதினார். எல்லாக் குடும்பங்களையும் செலவின்படி வரிசையாக நிற்க வைத்து, கீழே இருக்கும் பத்து சதவீதம், அடுத்த பத்து சதவீதம் என்று பிரித்து அன்றும் இன்றும் ஒப்பிடுவது. சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் ஏழை மறைந்துபோகாமல் இருக்க அது ஒரு வழி. ஒவ்வொரு பிரிவையும் இரண்டு குழு தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பிழை என்று அதிலும் சேர்த்துக்கொண்டார்.

திட்டம் தப்பலாம். தப்பியதா என்று காட்டுகிற தராசு தப்பக் கூடாது. முதலாவதில் அவருக்கு எவ்வளவு மார்க் போடலாம் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கையில் எடுப்பது அவர் தொடங்கிய ஆய்வின் எண்களைத்தான்.

ஜூன் 28

மகலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 79 வயது. அவர் பிறந்த ஜூன் 29 அன்று 2007 முதல் நாடு முழுக்கப் புள்ளியியல் தினம் கொண்டாடுகிறார்கள். இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கணினி 1956-ல் வந்து இறங்கியது அவருடைய நிறுவனத்தில்தான் என்பதைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அவருக்குப் பிறகு? 2017-18 செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவில்லை. அதனால் 2011-12-ல் கட்டிய கூடையைப் பத்து வருஷத்துக்கு மேல் தூக்கிச் சுமந்தோம். அந்தக் கூடையில் ஸ்மார்ட்போன் டேட்டாவுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும், யோசிங்க! 2023-24 ஆய்வு வந்தபோது கிராமத்துச் செலவில் உணவின் பங்கு 47 சதவீதமாகவும் நகரத்தில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழேயும் வந்திருந்தது. வாழ்க்கை மாறியிருக்கிறது, கூடை மாறாமல் இருந்திருக்கிறது. 2024-ஐ அடிப்படையாக வைத்துப் புதுக் கூடை கட்ட வேண்டி வந்தது அதனால்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாச்சியிடம் சொன்னேன். படி கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் கடைக்காரர் படியைத் தலைதட்டி அளப்பதற்கும் கும்பாச்சியாக அளப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கடைசியில் ஒன்று சொன்னார். கணக்கு கேட்கிறவன் எங்க வீட்டுக்கு வந்தா வாரத்தைக் கேட்காம மாசத்தைக் கேட்கச் சொல்லு, நான் சரியாச் சொல்லிடுவேன்.

மகலனோபிஸ் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்டுக் கண்டுபிடித்ததும் அதுதான் என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த லீவு முழுக்கப் பெருமை தாங்காது.